கல்லாப்பெட்டியும் ஒன்பது பெட்டிகளும்

விலை நிலவரம், ஜி.எஸ்.டி. விளக்கம், உணவுப் பாதுகாப்பு உரிமம், சங்கச் செய்திகள் என்று படித்துப் பழகிய இந்தப் பக்கங்களில் கைப்பேசி விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பொறுமையாகக் கடைசி வரை படிக்க வேண்டுகிறேன். இதில் 7,200 ரூபாய்க் கணக்கு ஒன்றும் இருக்கிறது.

நம் தொழிலில் மதியம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை எப்படிப் போகும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் லாரிச் சரக்கை இறக்கி, வெளியூர் மளிகைக் கடைக்காரர்களின் சிட்டைகளுக்குச் சரக்குக் கட்டி அனுப்பிய பிறகு ஒரு மந்தம் வரும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் பேரேட்டில் பதிவோம், பாக்கிக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவோம், வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்புவோம். இன்று பதிவு வேலையைக் கணினி பார்த்துக்கொள்கிறது. சும்மா இருக்கும் கையில் கைப்பேசி வந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், இருபது ஆண்டுகளாக எங்களிடம் பருப்பு எடுக்கும் ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வந்தார். முகம் தெரிகிறது, ஊர் தெரிகிறது, பாக்கி எவ்வளவு என்பதும் தெரிகிறது; பெயர் மட்டும் வரவில்லை. "வாங்க, வாங்க" என்று சமாளித்துவிட்டு, அவர் கொடுத்த சிட்டையின் தலைப்பைப் பார்த்துத்தான் பெயரைத் தெரிந்துகொண்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் தகப்பனார் எழுபது வயதிலும் கடை பாக்கி முழுவதையும் மனத்திலேயே வைத்திருந்தவர். எனக்கு அறுபது தாண்டியவுடனேயே இப்படியா என்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது.

அதை வீட்டில் சொன்னபோது, எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி என் கைப்பேசியை வாங்கி ஏதோ செய்து கொடுத்தாள். "தாத்தா, இது சுடோகு. தினமும் ஒண்ணு போடுங்க" என்றாள். அப்படித்தான் தொடங்கியது.

விளையாட்டு வந்த வழி

பெயர் ஜப்பானியப் பெயர் என்றாலும் விளையாட்டு பிறந்தது அமெரிக்காவில். இண்டியானாபோலிஸ் நகரைச் சேர்ந்த ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற ஓய்வுபெற்ற கட்டடக்கலைஞர் உருவாக்கிய இந்தப் புதிரை, 1979இல் டெல் நிறுவனத்தின் புதிர்ப் பத்திரிகை 'நம்பர் பிளேஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. ஜப்பானில் நிகோலி என்ற நிறுவனம் 1984இல் இதைத் தன் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது. அதன் தலைவர் மாக்கி காஜி வைத்த நீண்ட ஜப்பானியப் பெயரின் சுருக்கம்தான் 'சுடோகு'. எண் ஒவ்வொன்றும் தனித்தே இருக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற வேய்ன் கோல்ட் என்ற நியூசிலாந்துக்காரர், 1997இல் டோக்கியோவில் ஒரு புத்தகக் கடையில் இந்தப் புதிரைப் பார்த்தார். இதைத் தானாகவே தயாரிக்கும் கணினி நிரலை எழுத ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் செலவிட்டார். பிறகு லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குப் புதிர்களை இலவசமாகவே கொடுத்தார். 2004 நவம்பர் 12ஆம் தேதி முதல் புதிர் வெளிவந்தது. புதிருக்கு அவர் காசு கேட்கவில்லை. தன் நிரல் விற்கும் இணைய முகவரியைப் பக்கத்தில் அச்சிட்டால் போதும் என்றார். சாம்பிள் பொட்டலத்தை இலவசமாகக் கொடுத்து மூட்டையை விற்கும் நம் பழைய வித்தைதான் இது. சில மாதங்களில் உலகப் பத்திரிகைகள் எல்லாம் சுடோகு போடத் தொடங்கிவிட்டன.

நிகோலி நிறுவனமோ, பெயரை ஜப்பானுக்குள் மட்டும் பதிவு செய்துவிட்டு வெளிநாடுகளில் பதிவு செய்யாமல் விட்டுவிட்டது. அதனால் இன்று யார் வேண்டுமானாலும் 'சுடோகு' என்ற பெயரில் செயலி விற்கிறார்கள். ஜப்பானில் மட்டும் மற்ற நிறுவனங்கள் வேறு பெயரில்தான் போட வேண்டியிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் கடைப் பெயரையும் மசாலாப் பொட்டலத்தின் பெயரையும் இன்னும் பதிவு செய்யாமல் இருக்கிறோம் என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். கார்ன்ஸ், தன் புதிர் உலகம் சுற்றியதைப் பார்க்காமலே 1989இல் காலமானார். காஜி 2021இல் மறைந்தார்.

விதி ஒன்றுதான்

மொத்தம் 81 கட்டங்கள். ஒன்பது கிடைவரிசை, ஒன்பது நெடுவரிசை, மும்மூன்று கட்டங்களாக அமைந்த ஒன்பது பெட்டி. ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு பெட்டியிலும் 1 முதல் 9 வரை எல்லா எண்ணும் ஒவ்வொரு முறை மட்டுமே வர வேண்டும். சில கட்டங்களில் எண்களைக் கொடுத்திருப்பார்கள். மீதியை நாம் நிரப்ப வேண்டும்.

எண்ணைப் பார்த்ததும் இது கூட்டல் கழித்தல் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணுக்குப் பதிலாகத் துவரை, உளுந்து, பாசி, கடலை, கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மல்லி என்று ஒன்பது சரக்கை எழுதினாலும் ஆட்டம் மாறாது. ஒரு தட்டில் ஒரு சரக்கு இருமுறை வரக்கூடாது, ஒன்றும் விட்டுப்போகவும் கூடாது. அலமாரி அடுக்கத் தெரிந்தவருக்கு இந்த விதி புரிந்துவிடும்.

விதி சிறியது, ஆட்டம் பெரியது. சரியாக நிரப்பப்பட்ட சுடோகு கட்டங்கள் மொத்தம் எத்தனை வகை என்று 2005இல் இரண்டு கணிதர்கள் கணக்கிட்டார்கள். வந்த விடை 22 இலக்க எண். 6,67,09,000 கோடி கோடியைவிட அதிகம். ஒரே விடை வர வேண்டுமானால் தொடக்கத்தில் குறைந்தது 17 எண்களாவது கொடுத்திருக்க வேண்டும் என்பதை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மக்வயர் 2012இல் கணினி கொண்டு நிறுவினார். ஆகவே புதிர் தீர்ந்துபோகுமே என்ற கவலை வேண்டாம்.

ஊகத்தில் போட்ட எண்

முதல் வாரம் நான் ஓர் ஆட்டத்தைக்கூட முடிக்கவில்லை. இங்கே 4 வரும்போல் இருக்கிறது என்று போடுவேன். சிவப்பு நிறம் காட்டும். மூன்று முறை தவறினால் ஆட்டம் முடிந்தது என்று செயலி மூடிவிடும். பேத்தி அருகில் இருந்து பார்த்துவிட்டு, "தாத்தா, ஏன் 4 போட்டீங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "காரணம் சொல்ல முடியலைன்னா போடாதீங்க" என்றாள்.

நாற்பது ஆண்டு வியாபாரத்தில் நான் இழந்த பணத்தை எண்ணிப் பார்த்தேன். ஆள் பார்க்க நன்றாக இருக்கிறார் என்று கொடுத்த கடன், மிளகாய் விலை ஏறும்போல் இருக்கிறது என்று வாங்கிப் போட்ட சரக்கு எல்லாம் இந்த 'போல் இருக்கிறது' கணக்குதான். வியாபாரத்தில் ஓரளவு ஊகம் இல்லாமல் முடியாது. சுடோகுவில் அது தேவையே இல்லை. ஒழுங்காகத் தயாரித்த புதிரில் ஒரே ஒரு விடைதான் உண்டு. அதைக் காரண காரியத்தோடு கண்டுபிடிக்க முடியும். காரணம் தெரியும் வரை காத்திருக்கப் பழகியதுதான் என் முதல் பாடம்.

கற்றுக்கொண்ட படிகள்

புதிதாகத் தொடங்கும் நண்பர்களுக்காக, எனக்குப் பயன்பட்ட வழிகளை வரிசையாகத் தருகிறேன்.

1. நிறைந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். ஏழு எட்டுக் கட்டம் நிரம்பிய வரிசையையோ பெட்டியையோ முதலில் பாருங்கள். ஒன்றே ஒன்று காலியாக இருந்தால் நமக்குப் பழகிய கணக்கே போதும். 1 முதல் 9 வரை கூட்டினால் 45. இருக்கும் எட்டு எண்களைக் கூட்டி 45இல் கழித்தால் விடுபட்ட எண் கிடைக்கும். ஆனால் ஒன்று, கூட்டல் 45 வந்துவிட்டது என்பதற்காக அந்த வரிசை சரி என்று ஆகிவிடாது. இருப்பாய்வு சரியாக வந்த பிறகும் பேரேட்டில் பிழை ஒளிந்திருப்பதை நாம் பார்த்ததில்லையா?

2. ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு போங்கள். மேலே உள்ள மூன்று பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். முதல் பெட்டியில் முதல் வரிசையில் 7 இருக்கிறது. நடுப்பெட்டியில் இரண்டாம் வரிசையில் 7 இருக்கிறது. அப்படியானால் கடைசிப் பெட்டியில் 7 மூன்றாம் வரிசையில்தான் வர முடியும். அங்குள்ள மூன்று கட்டங்களில் இரண்டு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் விடை கைக்கு வந்துவிட்டது. எளிய ஆட்டங்கள் பெரும்பாலும் இந்த ஒரே வழியில் முடிந்துவிடும்.

3. ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள். அந்தக் கட்டத்தின் கிடைவரிசை, நெடுவரிசை, பெட்டி மூன்றிலும் உள்ள எண்களைக் கழித்துக்கொண்டே வாருங்கள். எட்டும் கழிந்துவிட்டால் மிஞ்சியதுதான் விடை.

4. குறிப்பு எழுதுங்கள். எல்லாச் செயலிகளிலும் 'நோட்ஸ்' என்றோ பென்சில் படமாகவோ ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால் ஒரு கட்டத்தில் வரக்கூடிய எண்களைச் சிறியதாகக் குறித்து வைக்கலாம். நான் முதலில் இதை இழுக்கு என்று நினைத்தேன். எல்லாம் மனக்கணக்காகவே போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். மனத்தில் வைத்த பாக்கி மறந்துபோகும், சிட்டையில் எழுதிய பாக்கி வசூலாகும் என்று கடைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்த நானே அதை மறந்தேன். ஓர் எண் முடிவானதும் அதன் வரிசை, பெட்டியில் உள்ள குறிப்புகளை அடித்துவிட வேண்டும். சில செயலிகள் தாமாகவே அடித்துவிடும். நாமே செய்தால் கண் பழகும்.

5. இரட்டையைக் கவனியுங்கள். ஒரு வரிசையில் இரண்டு கட்டங்களில் 4, 7 என்ற இரண்டு குறிப்புகள் மட்டுமே இருந்தால், எது எங்கே என்று தெரியாவிட்டாலும் அந்த இரண்டு எண்களும் அந்த இரண்டு கட்டங்களுக்கே சொந்தம். வரிசையின் மற்றக் கட்டங்களிலிருந்து 4, 7 இரண்டையும் அடித்துவிடலாம். இரண்டு மூட்டைக்கு இரண்டு கடைக்காரர் முன்பணம் கட்டிவிட்டால் மூன்றாமவருக்கு அதில் பங்கு இல்லை அல்லவா, அதுபோலத்தான். நடுத்தர நிலையிலிருந்து கடின நிலைக்கு என்னை ஏற்றியது இந்த ஒரு வழிதான்.

6. பெட்டி வரிசையைக் காட்டும். ஒரு பெட்டிக்குள் 5 வரக்கூடிய இடங்கள் எல்லாம் ஒரே வரிசையில் அமைந்துவிட்டால், அந்த வரிசையின் 5 அந்தப் பெட்டிக்குள்தான். ஆகவே பெட்டிக்கு வெளியே அதே வரிசையில் உள்ள 5 என்ற குறிப்புகளை அடித்துவிடலாம்.

இவை ஆறும் கைவந்தால் பெரும்பாலான ஆட்டங்களை முடிக்கலாம். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கொடுத்திருக்கும் எண்கள் குறைவாக இருந்தால் கடினம் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை, எந்த வழியைக் கையாள வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தே ஆட்டத்தின் கடினம் அமையும்.

'ஹின்ட்' பொத்தானைத் தொடக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தொட்டால், எண் ஏன் அங்கே வந்தது என்று ஐந்து நிமிடம் யோசித்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். தவறைச் சிவப்பில் காட்டும் வசதியை அமைப்பில் போய் நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்வரை நம் மனம் ஊகத்தைக் கைவிடாது. கடிகாரத்தையும் முதல் ஆறு மாதம் மறைத்துவிடுவது நல்லது.

2006இல் இத்தாலியின் லூக்கா நகரில் முதல் உலகச் சுடோகு போட்டி நடந்தது. அதில் வென்றவர் செக் நாட்டைச் சேர்ந்த யானா டிலோவா என்ற பெண்மணி. அவருடைய தொழில் கணக்கு எழுதுவது என்று அறிந்தபோது எனக்கு ஒரு பெருமை ஏற்பட்டது. நம் நாட்டிலும் 2008இல் கோவாவிலும் 2017இல் பெங்களூருவிலும் உலகப் போட்டிகள் நடந்துள்ளன.

அந்த 7,200 ரூபாய்

கடின நிலைக்கு வந்த பிறகு எனக்குக் கொஞ்சம் கர்வமும் வந்துவிட்டது. மதிய மந்தத்தில் ஆடியது போய், கல்லாவில் உட்கார்ந்தபடியே காலையிலும் ஆட ஆரம்பித்தேன். ஒரு நாள், உசிலம்பட்டிப் பக்கத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் கடைத் தொலைபேசியில் பேசினார். முப்பது ஆண்டுப் பழக்கம். துவரம்பருப்பு 50 கிலோ மூட்டை 5,950 ரூபாய் என்று சொன்னேன். 20 மூட்டை அனுப்பச் சொன்னார். அப்போது என் கைப்பேசியில் கடைசி நான்கு கட்டங்கள் மிச்சம். கண் அங்கே, கை சிட்டையில். 5,950 என்பதை 5,590 என்று எழுதிவிட்டேன். மகன் சிட்டையைப் பார்த்துக் கணினியில் பில் போட்டான். சரக்கும் போய்விட்டது.

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். "அண்ணாச்சி, நீங்க போன்ல சொன்னது 5,950. பில்லுல 5,590 இருக்கு. மூட்டைக்கு 360 குறையுது" என்றார். எங்கள் பழைய கணக்குப்பிள்ளை சொல்லிக் கொடுத்த பாடம் சட்டென்று நினைவுக்கு வந்தது. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இரண்டு எண்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார் என்பார். 360ஐ ஒன்பதால் வகுத்தால் 40. ஒன்பது கட்டத்தில் எண்களைச் சரியான இடத்தில் வைத்துக்கொண்டிருந்தவன், சிட்டையில் இரண்டு எண்களை இடம் மாற்றி வைத்துவிட்டேன். இருபது மூட்டைக்கு 7,200 ரூபாய்.

அவர் அடுத்துக் கேட்டதுதான் என்னை உறுத்தியது. "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி?" என்றார். எனக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். எந்தப் பயத்தில் நான் இந்த விளையாட்டைத் தொடங்கினேனோ, அதே சந்தேகத்தை விளையாட்டே இன்னொருவர் மனத்தில் உண்டாக்கிவிட்டது. "கண்ணாடி மாத்தணும்" என்று ஒரு பொய்யைச் சொல்லிப் போனை வைத்தேன்.

அன்று இரவு அந்தப் பொய் என்னைத் தூங்க விடவில்லை. தனக்கு லாபமான பிழையைத் தானே எடுத்துச் சொன்ன மனிதரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். மறுநாள் காலையில் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். தவறு என்னுடையது, பில் தொகையே போதும் என்றும் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த சிட்டையோடு வித்தியாசத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, "அது என்ன விளையாட்டு அண்ணாச்சி? எனக்கும் சொல்லுங்க" என்றார். இப்போது அவரும் ஆடுகிறார், கடை அடைத்த பிறகு.

மகன் எதுவும் கடிந்து பேசவில்லை. "அப்பா, பில் நேரத்துல மட்டும் போன் மேசை மேல வேண்டாம்" என்றான். அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

இது எனக்கு மட்டும் நேர்ந்த தவறு என்றும் சொல்ல முடியாது. 2008இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பல மாதங்கள் நடந்த ஒரு போதைப்பொருள் வழக்கு, ஜூரிகள் சிலர் சாட்சியத்தைக் கவனிக்காமல் சுடோகு போட்டுக்கொண்டிருந்தது தெரியவந்ததால் பாதியிலேயே கைவிடப்பட்டது. பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அரசுக்கு வீண் செலவு.

மறதி போகுமா?

இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுடோகு ஆடினால் மறதி நோய் வராது என்று உறுதிப்படுத்தும் மருத்துவ ஆதாரம் இல்லை. சுடோகு ஆட ஆடச் சுடோகுவில் திறமை கூடும், அது நிச்சயம். மூளைப் பயிற்சி என்று மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததற்காக 'லூமாசிட்டி' என்ற செயலியின் நிறுவனம் 2016இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. ஆகவே விளம்பரத்தை நம்ப வேண்டாம். உண்மையாகவே மறதி தொல்லை தந்தால் மருத்துவரைப் பாருங்கள். நான் பார்த்தேன். சரியாகத் தூங்குங்கள், நடங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள் என்றார். வாடிக்கையாளர் பெயர் சில நேரம் இன்னும் மறக்கத்தான் செய்கிறது. இப்போது கூச்சப்படாமல் கேட்டுவிடுகிறேன்.

ஆனால் எனக்குக் கிடைத்த பயன் ஒன்று உண்டு. அவசரப்படாமல் காரணம் தேடும் பழக்கம் வந்திருக்கிறது. புதிதாகக் கடன் கேட்டு வருபவரிடம், "யோசித்து நாளை சொல்கிறேன்" என்று சொல்ல முடிகிறது.

கைப்பேசியில் எச்சரிக்கை

நம் கைப்பேசி வெறும் விளையாட்டுப் பொருள் இல்லை, யு.பி.ஐ. வசூலும் வங்கிச் செய்தியும் அதில்தான் வருகின்றன. அதனால் செயலியைப் பிளே ஸ்டோர் போன்ற முறையான இடத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பும் கோப்பைத் தொட வேண்டாம். சுடோகு ஆட, தொலைபேசி எண் பட்டியலோ குறுஞ்செய்தியோ தேவையில்லை. அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். நடுவில் வரும் விளம்பரங்களைத் தவறியும் தொடாதீர்கள். பல செயலிகள் இணையம் இல்லாமலே வேலை செய்யும். இணையத் தொடர்பை நிறுத்திவிட்டு ஆடினால் விளம்பரத் தொல்லையும் குறையும்.

பணம் கட்டி ஆடும் விளையாட்டுப் பக்கம் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள். அவற்றைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சுடோகுவில் பந்தயம் இல்லை, கடன் இல்லை. தோற்றாலும் நட்டம் பத்து நிமிடம்தான்.

முடிவாக, நான் எனக்கு வைத்துக்கொண்ட விதிகளைச் சொல்லிவிடுகிறேன். கல்லாவில் இருக்கும்போது கைப்பேசி மேசை அறைக்குள். சிட்டை எழுதும்போது விலையை ஒருமுறை உரக்கச் சொல்லி எழுதுவது. ஒரு நாளைக்கு இரண்டே ஆட்டம், அதுவும் சாப்பிட்ட பிறகு. ஆட்டம் பாதியில் இருக்கும்போது வாடிக்கையாளர் வந்துவிட்டால், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நிற்பது. ஆட்டம் அப்படியே காத்திருக்கும். வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார்.

விருப்பமுள்ள நண்பர்கள் எளிய நிலையில் தொடங்குங்கள். சந்தேகம் இருந்தால் வீட்டில் உள்ள பேரன் பேத்தியைக் கேளுங்கள். அவர்கள் நம்மோடு பேச அதுவும் ஒரு காரணமாக இருக்கட்டும்.